கோடையிலும் கூந்தன்குளம் போங்கள்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி வந்த கட்டுரை, அங்கே பறவை பார்க்க மார்கழி, தை மாதங்களே ஏற்றவை என்று சொல்கிறது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகளுக்கு அது சரி. ஆனால் கூடு கட்டும் பறவைகளைப் பார்க்கக் கோடைத் தொடக்கமே நல்லது.

பங்குனிக் கடைசியில் நண்பர்கள் நால்வர் விடியுமுன் கூந்தன்குளம் கரையில் நடந்தோம். வழியில் பனைமட்டையிலிருந்து பனங்காடை ஒன்று நீலச் சிறகு விரித்து எழுந்தது. அதன் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் வேறோர் உலகம். வீட்டு வாசல் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குஞ்சு பொரித்திருந்தன. எச்சத்தின் நெடி, குஞ்சுகளின் ஓயாத இரைச்சல். எதற்கும் அவ்வூர் மக்கள் முகம் சுளிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம். தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது! 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்தவர்கள் அவர்கள்தாம். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

போகிறவர்கள் படத்துக்காகக் கூட்டை நெருங்காதீர்கள். தாய் எழுந்து பறந்துவிட்டால், இந்த வெயிலில் குஞ்சு தாங்காது.