கோம்பைக் குட்டியின் கால் வளைந்தால் முதலில் அதன் தட்டைப் பாருங்க

கம்பம், உத்தமபாளையம் பக்கம் நம்ம நாட்டு ஜாதியான கோம்பை நாய்க்குட்டி வாங்குபவர்கள் தாய் தகப்பன், நிறம், மூஞ்சிக் கறுப்பு என்று பொண்ணு பார்க்கிற மாதிரி விசாரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் போடுவது பால்சோறு. மூணாம் மாசம் முன்னங்கால் வளைந்துவிட்டால் “வர்க்கம் சரியில்லைப்பா” என்று விற்றவர் மேல் பழி. பெரும்பாலும் பழி அங்கே போகக்கூடாது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்க. ரெண்டு, ரெண்டரை மாசத்தில் 5 கிலோ இருக்கும் குட்டிக்கு ஒரு நாளைக்கு 700 கலோரி வேணும், புரதம் சுமார் 40 கிராம். அரை லிட்டர் பசும்பாலும் 300 கிராம் சோறும் போட்டால் கலோரி சரியாக வந்துவிடும், வயிறும் நிறையும். ஆனால் புரதம் 25 கிராமைத் தாண்டாது, எலும்புக்கு வேண்டிய கால்சியமும் பத்தாது. தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரண்டு மடங்கு, பால்சர்க்கரை குறைவு. அதனால்தான் பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கில் முடிகிறது. கொடுத்தே ஆகணும் என்றால் கொஞ்சம் தயிர் போதும்.

இதே 700 கலோரிக்கு இன்னொரு தட்டு: வெந்த சோறு 200 கிராம், மத்தி மீன் 100, எலும்பில்லாத கோழிக்கறி 75, வேகவைத்த முட்டை ஒன்று, ஈரல் 20 கிராம். புரதம் 60 கிராம்கிட்ட வந்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வரும் மத்தியைப் போல மலிவான சரக்கு வேறில்லை. குக்கரில் உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் போடாமல் இருபத்தைந்து நிமிஷம் வையுங்க, முள் விரலில் நசுங்கணும். அந்த முள்ளில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கின்றன. மீதிக் கால்சியத்துக்கு, கொதிக்க வைத்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு அரை டீஸ்பூன். இவ்வளவு செய்தாலும் துத்தநாகம், வைட்டமின் டி குறையும். ஆகவே கால்நடை டாக்டரிடம் கேட்டு தாதுஉப்புப் பொடி சேர்க்கணும், இல்லாவிட்டால் பாதித் தீனியை ‘பப்பி’ என்று போட்ட பாக்கெட் உணவாக மாற்றிக்கொள்ளலாம். பாக்கெட் பாதி என்றால் முட்டை ஓடும் பாதி. முழுக்க பாக்கெட் என்றால் ஓடே வேண்டாம்.

கால்சியம் டானிக் பாட்டில்தான் எனக்குப் பெரிய எரிச்சல். முழுக்க பாக்கெட் உணவு சாப்பிடும் குட்டிக்கு அதற்கு மேல் டானிக் ஊற்றுவது கெடுதல். வளர்ந்த நாய் வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தள்ளிவிடும். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக இருக்காது, போட்டதில் பெரும்பகுதி உள்ளே ஏறும். ராட்வைலர், லேப்ரடார் போன்ற பெரிய ஜாதியில் மூட்டு கோணிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நேர் எதிர்க் கோளாறு வெறும் கறி போட்டு வளர்ப்பது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும், திண்ணையிலிருந்து குதித்தாலே கால் ஒடியும். கேழ்வரகுக் கூழ் தாராளமாக ஊற்றலாம், ஆனால் அதிலுள்ள கால்சியம் முழுசாக உடம்பில் சேராது. கூழை நம்பி மற்றதை விட்டுவிடாதீங்க.

நாலு மாசம் வரை தினம் நாலு வேளை, ஆறு மாசம் வரை மூணு, அப்புறம் ரெண்டு. வாரம் ஒருமுறை எடை போட்டு அளவை மாற்றணும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் அது செழிப்பு இல்லை, புழு. ரெண்டாம் வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, மூணு மாசத்துக்கு மேல் மாசம் ஒருமுறை, ஆறு மாசம் வரை. புதுத் தீனிக்கு மாறும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழசில் கலந்து கலந்து மாற்றுங்க.

ஆட்டு நுரையீரல், குமுளிப் பக்கமிருந்து வரும் போத்து (எருமை) ஈரல், எதையும் பச்சையாகப் போடாதீங்க. அதில் நீர்க்கட்டி இருந்தால் நாய் வயிற்றில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். பிரியாணி மிச்சத்தில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, அவை ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

நம்ம பள்ளத்தாக்குக்கென்றே ஒரு எச்சரிக்கை: திராட்சை. பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குட்டியைக் கட்டிப்போடும் தோட்டங்கள் உண்டு. உதிர்ந்த பழம் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எத்தனை பழம் வரை தாங்கும் என்று அளவு சொல்ல முடியாது, உலர்திராட்சை இன்னும் மோசம். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அது நிறைய இருக்கிறது, ஆகவே புளிக்குழம்புச் சோறும் வேண்டாம். தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்தால்தான் பலன் அதிகம். வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்றாதீங்க. ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்துவிடும்.