பதிவேட்டை நிரப்பும் வாசிப்பு

என் மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுநாளுக்குள் பத்து நூல்களை, பள்ளி வாசிப்புத் திட்டமான நிலாமின் பதிவில் ஏற்றிவிட வேண்டும் என்று வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் செய்தி வந்தது. சற்று நேரத்தில் ஒரு தாய் தம் பிள்ளை எழுதி வைத்திருந்த கதைச் சாரங்களைப் படமெடுத்து அனுப்ப, நாங்கள் எல்லோரும் கைகூப்பும் படங்களைப் போட்டுவிட்டு அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்தோம். நானும் செய்தேன். மகள் அப்போது தூங்கிப் போயிருந்தாள்.

மலாயில் நிலாம் என்றால் நீலக்கல். வாசிக்கும் பழக்கமே அறிவின் நாடி என்ற பொருள் தரும் மலாய்த் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, மலேசியக் கல்வி அமைச்சு 1990-களின் இறுதியில் இத்திட்டத்துக்கு அப்பெயரைச் சூட்டியது. தொடக்கப்பள்ளி மாணவர் 90 நூல்களுக்கு வெண்கலம், 180-க்கு வெள்ளி, 270-க்குத் தங்கம், 360-க்கு நிலாம் என்று படிப்படியாக ஏற வேண்டும் என்பது அதன் தொடக்ககால அமைப்பு. ஆறு ஆண்டுகளில் 360 என்றால் ஆண்டுக்கு 60. பிள்ளைகளுக்கு இது பெரிய சுமை இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், சாரம், படிப்பினை என எழுதித் தர வேண்டியிருப்பதுதான் சுமை. முன்பு குறிப்பேட்டில் எழுதினார்கள், இப்போது இணையத்தில் ஏற்றுகிறார்கள். இணையத்துக்கு மாறிய பிறகு, எழுதுவது பிள்ளையா தாயா என்பதும் தெரியாமல் போய்விட்டது.

வாசிப்பைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சிலர் வாதிடுகிறார்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் வளர்ந்தவள் என்ற முறையில் அதை என்னால் ஏற்க முடியவில்லை. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் இரண்டு வேளை வேலை செய்யும் பெற்றோரின் வீட்டில், பாடநூலைத் தவிர வேறு அச்சடித்த தாள் நாள்காட்டி மட்டுமே என்ற நிலை இன்றும் உண்டு. பள்ளி வற்புறுத்தாவிட்டால் அந்தப் பிள்ளையிடம் வேறு யார் புத்தகத்தைக் கொடுக்கப் போகிறார்கள்? ஆகவே கட்டாயம் இருக்கட்டும். ஆனால் அது நேரத்துக்கும் நூலுக்குமான கட்டாயமாக இருக்க வேண்டும். நாள்தோறும் இருபது நிமிடம் வகுப்பு முழுவதும், ஆசிரியை உட்பட, தமக்குப் பிடித்ததை அமைதியாக வாசிப்பதும், அதற்கேற்ற தமிழ் நூல்களை வகுப்பறையிலேயே வைத்திருப்பதும் பள்ளியின் கடமையாக வேண்டும். பிள்ளையிடம் கேட்கும் கடமையைப் பள்ளியிடமும் கேட்பதுதானே முறை.

சான்றிதழும் பதக்கமும் பிள்ளைகளை ஊக்குவிக்கின்றன என்பார்கள். 1973-இல் மார்க் லெப்பர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு குழுவினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களையும் பரிசே பெறாதவர்களையும் விட, அந்தக் குழுவினர் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் குறைந்திருந்தது. வரைதலும் வாசிப்பும் ஒன்றில்லை என்று மறுக்கலாம். என் மகளோ இப்போது நூலைக் கையில் எடுத்ததும் பக்கங்களைத்தான் முதலில் எண்ணுகிறாள். மெல்லிய நூல் என்றால் பதிவு சீக்கிரம் முடிந்துவிடுமாம். முதலாம் ஆண்டில் முதலையைப் பற்றிய ஒரே புத்தகத்தை நைந்து போகும் வரை படித்த பிள்ளை அவள்.

என் அப்பா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பால் மரம் என்னும் ரப்பர் மரத்தைச் சீவி, பால் எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, குளித்த ஈரம் காயாமல் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் திண்ணையில் தமிழ் நேசனை உரக்கப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் பாட்டிகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தொடர்கதையில் அந்தப் பெண் செய்தது சரியா தவறா என்று சண்டையே நடக்கும். 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. அதற்கு முன்பே லயமும் போய்விட்டது. அப்பாவிடம் யாரும் சாரம் எழுதித் தரச் சொன்னதில்லை, ஆனால் கதையைக் கேட்டவர்கள் அவரைக் கேள்வியால் துளைத்தார்கள். ஒரு பிள்ளை உண்மையிலேயே வாசித்ததா என்று அறிய ஆசிரியைக்கும் அப்படி ஐந்து நிமிடப் பேச்சு போதும். நாற்பது பதிவுகளைத் திறந்து பார்ப்பதைவிட அது அவருக்கும் எளிது.

அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். காலை இருபது நிமிட வாசிப்பு நேரம் ஒன்று. மாதம் ஒரு நூலுக்கு மட்டும் சாரம், மற்றவற்றுக்குத் தலைப்பு போதும் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பள்ளியால் தனியாக முடிவு செய்ய இயலாது என்று சொல்லக்கூடும். முதலாவதற்கு அந்தக் காரணமும் கிடையாது. இதற்கிடையில் வீட்டில் சிறுவர் நூல்களை மூட்டை கட்டி வைத்திருப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.