ஏழு பக்கம் படிக்க ஏழு நிமிஷம் கிடையாதா?

மூணாவது தடவை. இன்னிக்கோட மூணாவது தடவை கையெழுத்து இல்லாம திரும்பி வந்திருக்கேன். எம்.எஸ்சி. நர்சிங் படிச்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். டூல் வேலிடேஷன்னு சொன்னாலே உங்களுக்கும் அடிவயிறு கலங்கும். மத்தவங்களுக்குச் சொல்றேன்: ஊசி போட்ட இடத்துல வலியையும் கன்னிப்போறதையும் அளக்க என் ஆராய்ச்சிக்குத் தயார் பண்ணின படிவம்தான் டூல், அது சரியா இருக்குன்னு துறை நிபுணர்கள் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறதுதான் வேலிடேஷன்.

அஞ்சு எக்ஸ்பர்ட்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு கைடு சொன்னாங்க. நாலு வாங்கிட்டேன். அதுல ஒரு மேடம் ராத்திரி உக்காந்து ஒவ்வொரு வரியையும் படிச்சு, ஓரத்துல பென்சில்ல எழுதிக் குடுத்தாங்க. "ஊசி போட்டு எத்தனை நிமிஷம் கழிச்சு வலியைக் கேக்கறனு இதுல எங்கயும் இல்லையே"ன்னாங்க. எனக்கு உறைச்சுது, மாத்தினேன். அதுக்குப் பேருதான் வேலிடேஷன். அந்த அம்மாவை நான் கையெடுத்துக் கும்புடறேன். அஞ்சாவது ஆள்தான் உயிரை எடுக்கறாங்க.

போன்ல "பத்து மணிக்கு வந்துடும்மா"ன்னாங்க. காலைல ஆறே முக்காலுக்கு ஹாஸ்டல்ல கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். ஒன்பது நாப்பதுக்கு அவங்க ரூம் வாசல் பெஞ்சுல உக்காந்துட்டேன். பத்து மணி. மேடம் ரவுண்ட்ஸ் போயிருக்காங்க. சரி. பதினொண்ணு இருபதுக்கு வந்தாங்க, எந்திரிச்சு வணக்கம் சொன்னேன், போனைப் பாத்துக்கிட்டே என்னைத் தாண்டி உள்ள போயிட்டாங்க. பன்னெண்டு. இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் பாக்கறாங்களாம். ஒண்ணு. சாப்பாடு. நான் டீ குடிக்கக்கூடப் போகல, போன நேரத்துல கூப்புட்டுட்டா? அட்டெண்டர் அக்காதான் மனசு கேக்காம "போய் ரெண்டு இட்லியாவது தின்னுட்டு வா பாப்பா, கூப்புட்டா நான் சொல்லிக்கறேன்"ன்னாங்க. போகல. ரெண்டரை. மீட்டிங். மூணு முப்பத்தஞ்சுக்குக் கூப்பிட்டாங்க.

உக்காருன்னு சொல்லல. ஃபைலை வாங்கி முதல் தாளை மட்டும் புரட்டினாங்க, கவரிங் லெட்டர். "இதுல பன்னெண்டாம் தேதி போட்டிருக்கே? இன்னிக்குத் தேதி போட்டு வாங்கிட்டு வா." மேடம், பன்னெண்டாம் தேதி நான் உங்ககிட்டதான் வந்தேன், நீங்கதான் பதவிப் பேரை மாத்திட்டு வரச் சொன்னீங்கன்னேன். ஆமா, அன்னிக்கு லெட்டர்ல இணைப் பேராசிரியர்னு போட்டிருந்தேன், அவங்களுக்குப் பேராசிரியரா ப்ரமோஷன் வந்திருச்சாம். அதைச் சரி பண்ணி அதே தேதியோட வாங்கிட்டு வந்தது என் குத்தமாம். அதுக்கு முந்தின தடவை, வரச் சொன்ன அன்னிக்கே லீவு போட்டுட்டாங்க. "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்குல்ல"ன்னு ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினாங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு, அவங்க முன்னாடி அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன்.

தேதியைப் பாத்தீங்களே, அடுத்த தாளைத் திருப்பினீங்களா? டூல் மொத்தமே ஏழு பக்கம். அந்த ஏழு பக்கம் எப்படி வந்துச்சு தெரியுமா?

நான் வேலை பாத்த இதய வார்டுல ஒரு பாட்டி இருந்தாங்க. பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வயித்துல ஹெப்பாரின் ஊசி, ரத்தம் கட்டிக்காம இருக்கப் போடறது. மூணாவது நாள் நான் ட்ரேயைத் தூக்கிட்டுப் போறப்ப சேலையை விலக்கிக் காட்டினாங்க. தொப்புளுக்கு ரெண்டு பக்கமும் நாவப்பழத்தை நசுக்கி அப்பின மாதிரி கன்னிப்போயிருந்துச்சு, ஓரமெல்லாம் மஞ்ச பாய்ஞ்சிருந்துச்சு. "இந்தப் பக்கமாப் போடு தாயி, அந்தப் பக்கம் சேலை பட்டாலே வலிக்குது"ன்னாங்க. நானும் படிச்ச படிதான் போடறேன். தொப்புள்ல இருந்து ரெண்டு இன்ச் தள்ளிப் போடறேன், பிஸ்டனைப் பின்னாடி இழுக்கறதில்ல, போட்டப்புறம் தேய்க்கறதில்ல. அப்படியும் கன்னுது. இது மருந்தோட குணம்னு எல்லாரும் விட்டுடறாங்க. ஊசிக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஐஸ் பேக் வெச்சா வலியும் கன்னிப்போறதும் குறையுதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. நாப்பத்தெட்டு மணி நேரம் கழிச்சு, கண்ணாடித்தாளை வயித்து மேல வெச்சு அந்தக் கன்னின இடத்தோட ஓரத்தை வரைஞ்சு, கிராஃப் பேப்பர்ல வெச்சுக் கட்டம் கட்டமா எண்ணணும். இதைத்தான் சரியா இருக்கானு பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டு வந்தேன். என் லெட்டர்ல இருக்கற தேதியா அந்தப் பாட்டிக்கு வலிச்சுது?

இதுக்குத்தான் வேலையை விட்டுட்டு வந்தேன். டிகிரில அம்பத்தஞ்சு சதவீதம் வேணும், நர்சிங் கவுன்சில் பதிவு வேணும், ஒரு வருஷமாவது வேலை பாத்திருக்கணும். எல்லாம் வெச்சுக்கிட்டு, சேத்த காசை ஃபீஸா கட்டிட்டு வந்திருக்கேன். நான் போஸ்டிங் போற அதே வார்டுல எம்.டி. படிக்கிறவங்களுக்கு மாசா மாசம் ஸ்டைபண்ட் வருது. வரட்டும், அவங்க படற கஷ்டத்தை நான் கண்ணால பாக்கறேன். எனக்கு ஏன் ஒரு ரூபா கிடையாது? நான் பழைய ஆஸ்பத்திரில இருந்தப்ப எம்.எஸ்சி. முடிச்ச அக்கா ஒருத்தங்க கூட வேலை பாத்தாங்க. அவங்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்.

வீட்டுக்குப் போனா பெரியம்மா, "நர்ஸு வேலைக்கு இன்னும் என்னடி மேல்படிப்பு?"ன்னு கேக்கறாங்க. பெரியம்மா, இந்த ஊர்ல நர்ஸைப் பதிவு பண்ணணும்னு சட்டம் வந்தது 1926-ல. வேலூர்ல டிகிரி நர்சிங் ஆரம்பிச்சது 1946-ல. டெல்லியில எம்.எஸ்சி. நர்சிங் வந்தது 1959-ல, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி. இன்னும் எத்தனை வருஷம் இதையே கேப்பீங்க? ஊசி போடத் தெரிஞ்சா போதும்னு நினைக்கறீங்க. போட்ட இடம் ஏன் கன்னிப்போச்சுன்னு ஒருத்தர் உக்காந்து யோசிக்க வேண்டாமா?

பெரியம்மாவையாவது மன்னிக்கலாம், அவங்க இந்தத் துறை இல்ல. அந்த மேடமும் ஒரு காலத்துல இதே மாதிரி ஃபைலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு யார் வீட்டு வாசல்லயோ நின்னவங்கதானே? எப்படி மறந்துச்சு? அதைத்தான் என்னால தாங்க முடியல.

திங்கக்கிழமை புதுத் தேதியோட மறுபடி போவேன். கையெழுத்து வந்தாதான் பைலட் ஸ்டடி, அதாவது கொஞ்சப் பேர்கிட்ட முதல்ல செஞ்சு பாக்கற சோதனை ஆய்வு, ஆரம்பிக்க முடியும். பெஞ்சுல உக்கார இந்தத் தடவை சாப்பாடு கட்டிட்டுப் போறேன்.

இதுல ப்ரைவேட் பஸ் கண்டக்டர் வேற. அம்பது ரூபா குடுத்தேன், சில்லறை இல்லன்னு டிக்கெட் பின்னாடி ஏழுன்னு கிறுக்கிக் குடுத்துட்டு, "இறங்கறப்ப வாங்கிக்கம்மா"ன்னாரு. இறங்கறப்ப கேட்டா ரைட்டு ரைட்டுன்னு விசில் அடிச்சுட்டுப் போயிட்டாரு. அண்ணே, காலைல இருந்து பச்சத்தண்ணி மட்டும்தான் குடிச்சிருந்தேன். அந்த ஏழு ரூபாய்க்கு ஒரு வடையாவது வாங்கித் தின்னிருப்பேன்.