சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

சென்ற மாதம் இணையக் கடை ஒன்றில் என் மகளுக்கு வாங்கிய மேல்சட்டை, இரண்டாவது சலவையிலேயே அக்குளுக்குக் கீழே தையல் விட்டுப் போனது. சரிசெய்து தரும்படி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டையை உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். ஊசியை எடுக்கவே இல்லை. "இதில் எதைப் பிடித்துத் தைப்பது அம்மா? தையலுக்கு அப்பால் துணியே விடவில்லையே" என்று எங்கள் மொரீசியஸ் கிரியோல் மொழியில் சொல்லிவிட்டு, சட்டையை என் மடியில் வைத்தார். நானும் பார்த்தேன். தையலுக்கும் துணியின் விளிம்புக்கும் இடையே ஒரு நெல்லின் அகலம்கூட இல்லை. பிரித்துத் தைக்கவும் முடியாது, அகலப்படுத்தவும் முடியாது. கிழிந்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லாதபடி அந்தச் சட்டையைத் தைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மா சொன்னால் அதில் பொருள் இருக்கும். க்யூர்பீப் நகருக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடை ஆலையில் அவர் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கம்பளி மேலாடையின் கழுத்துப் பட்டியை உடலோடு இணைப்பது அவருடைய வேலை. பிரெஞ்சில் அதை ரெமாயாஜ் என்பார்கள். வட்டமான பொறியைச் சுற்றி நிற்கும் நுண்ணிய முனைகளில் பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் கண்ணால் பார்த்துக் கையால் ஏற்ற வேண்டும். ஒரு கண்ணி தவறினால் பிறகு கழுத்து முழுவதும் பிரிந்து வரும். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு, கரும்புத் தோட்டத்தை மட்டும் நம்பியிருந்த மொரீசியஸ், உலகுக்கே கம்பளிப் பின்னலாடை அனுப்பும் நாடுகளில் ஒன்றாக வளர்ந்ததற்கு இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களின் கண்களும் விரல்களும்தான் காரணம். 2005 தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரையறுத்த உலகத் துணி ஏற்றுமதியின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோது, விலை மலிவான நாடுகளை நோக்கி ஆர்டர்கள் நகர்ந்தன. பல ஆலைகள் மூடப்பட்டன. அம்மாவும் அப்படித்தான் வீடு திரும்பினார்.

உடைக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதைக் கையால் அறிந்த மக்கள் நாம். ஆனால் வாங்கும்போது அந்த அறிவை நாம் பயன்படுத்துவதே இல்லை. கைப்பேசியில் "இன்னும் 2 மணி நேரம்தான்" என்று கடிகாரம் ஓடுகிறது. மூன்று வாங்கினால் அனுப்பும் செலவு இல்லை என்கிறார்கள். ஒன்று தேவைப்பட்டவர் மூன்று வாங்குகிறார். உலகத்தில் 2000-க்கும் 2015-க்கும் இடையில் உடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகியதும், ஒவ்வொரு உடையையும் நாம் உடுத்தும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நம் முன்னோர் சொன்னார்கள். ஓர் உடை கந்தையாகும் வரை நம்மோடு இருக்கும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இன்றைய உடைகளில் பெரும்பாலானவை கந்தையாவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விடுகின்றன.

அவற்றை உண்டாக்க ஆன செலவோ எங்கேயும் போகவில்லை. ஒரு பருத்திச் சட்டைக்குப் பயிர் முதல் சாயம் வரை ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது. நம் மூதாதையர் கப்பலேறிய தமிழகத்திலேயே திருப்பூரின் நொய்யல் ஆற்றை எண்ணிப் பாருங்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் முறை அங்கே கட்டாயமாக நிலைபெற்றது. விலைப்பட்டியலில் அந்த ஆற்றின் பெயர் ஒருபோதும் வந்ததில்லை.

பருத்திக்கே இப்படி என்றால், இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. 2020 ஆகஸ்டில் வாகாஷியோ கப்பல் நம் தென்கிழக்குக் கரையில் எண்ணெய் கக்கியபோது மகேபூரில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, கடலில் மிதக்கவிட்டு, அரசுக்காகக் காத்திராமல் எண்ணெயைத் தடுக்க முயன்றோம். என் அம்மாவும் அங்கே உட்கார்ந்து இரண்டு நாள் தைத்தார். அதே எண்ணெய், நூலாகி, துணியாகி, நம் சலவைப் பொறி வழியாக ஒவ்வொரு வாரமும் கடலுக்குப் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் 6 கிலோ செயற்கைத் துணியைத் துவைத்துப் பார்த்தார்கள். அக்ரிலிக் துணியிலிருந்து மட்டும் ஒரு சலவைக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரக்கூடும் என்று கண்டார்கள். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் மகேபூருக்கு ஓடியதுபோல் இதற்கும் ஓடியிருப்போம்.

பழைய உடைகளை யாருக்காவது கொடுத்துவிடுகிறோமே என்று பலர் சொல்கிறார்கள். கொடுப்பது நல்லதுதான், ஆனால் கொடுப்பதற்காகவே வாங்குவது நல்லதல்ல. கானாவின் அக்ரா நகரிலுள்ள கண்டமாண்டோ சந்தைக்கு வாரந்தோறும் ஏறத்தாழ 1.5 கோடி பழைய உடைகள் வந்திறங்குவதாக அங்கே பணிபுரியும் தொண்டு நிறுவனம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் விற்க முடியாத அளவுக்கு மட்டமானவை குப்பைமேட்டுக்கும் கடற்கரைக்கும் போகின்றன. மறுசுழற்சியும் நம்மைக் காப்பாற்றப் போவதில்லை. உடைக்கான இழையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே மீண்டும் புதிய உடையாகிறது. நம் தீவுக்கோ மார் ஷிகோஸ் என்ற ஒரே ஒரு குப்பைக்கிடங்குதான் இருக்கிறது. நாம் தூக்கிப் போடும் ஒவ்வொன்றும் இந்தத் தீவுக்குள்ளேயே எங்கோ கிடக்கிறது.

நுகர்வோரை மட்டும் குறை சொல்லக் கூடாது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். மாதச் சம்பளத்தில் வாடகையும் அரிசியும் போக மிச்சமில்லாத ஒரு தாய், பிள்ளைக்கு மலிவான சட்டை வாங்கினால் அவரைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. அவர் அதை நைந்து போகும்வரை உடுத்த வைப்பார். நான் பேசுவது அலமாரி நிறைந்திருந்தும் வாங்கும் என் போன்றவர்களைப் பற்றி. சட்டமும் வேண்டும். 2016 ஜனவரியில் பிளாஸ்டிக் பை தடைசெய்யப்பட்டபோது எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். சந்தைக்குக் கொண்டுபோகும் பாட்டி காலத்துத் தாந்த் பஜார் கூடை கையில் ஏற வெகுநாள் ஆகவில்லை, ஏனென்றால் அந்தப் பழக்கம் நமக்குள் எங்கோ இருந்தது. உடை விஷயத்திலும் அப்படி ஒரு பழக்கம் நமக்குள் இருக்கிறது. அதைத்தான் நான் இப்போது அம்மாவிடம் மறுபடியும் கற்றுக்கொள்கிறேன்.

காத்ர் போர்ன் சந்தைக்குப் போனால் அம்மா விலையைக் கேட்பதற்கு முன் உடையை உள்பக்கம் திருப்புவார். பக்கத் தையலில் விரலளவு துணி மிச்சம் இருக்கிறதா, ஓரம் அடித்திருக்கிறார்களா, தையலை இரண்டு பெருவிரலாலும் இழுத்தால் நூல் பல்லைக் காட்டுகிறதா என்று பார்ப்பார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவின் அடர்த்தியைப் பார்ப்பார். இதற்கு ஒரு நிமிடம் போதும். நான் இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொண்டேன். 300 ரூபாய்ச் சட்டையை மூன்று முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 100 ரூபாய். 1,500 ரூபாய்ச் சட்டையை 60 முறை உடுத்தினால் 25 ரூபாய். இணையத்தில் எது பிடித்தாலும் ஏழு நாள் கழித்தே வாங்குவது என்று வைத்துக்கொண்டேன், பெரும்பாலும் ஏழாம் நாள் அது நினைவிலேயே இருப்பதில்லை. ஓர் உடையைக் கூடுதலாக 9 மாதம் உடுத்தினாலே அதன் கரிம உமிழ்வு, நீர், கழிவுச் சுமை 20 முதல் 30 விழுக்காடு குறையும் என்று கழிவைக் குறைக்கப் பாடுபடும் பிரிட்டனின் ராப் (WRAP) அமைப்பு கணக்கிட்டுச் சொல்கிறது. அதற்குப் பொத்தான் தைக்கவும் ஓரம் மடிக்கவும் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். இல்லையென்றால் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுக்கலாம், அவருக்கும் பிழைப்பு நடக்கும்.

தைப்பூசக் காவடிக்கு ஆண்டுதோறும் குடும்பம் முழுவதற்கும் புதுத்துணி எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஆண்டு எடுக்கவில்லை. முருகனுக்கு வேண்டியது விரதமும் தூய்மையும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். மகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் தைத்த ரோஜா நிறப் பாவாடையை எடுத்து, அடிப்பக்கத்தில் முன்கூட்டியே வைத்துத் தைத்திருந்த மடிப்புகளில் ஒன்றைப் பிரித்துவிட்டார். பிரித்த இடத்தில் துணி கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. அதன்மேல் மெல்லிய சரிகை நாடா வைத்து மறைத்தார். பாவாடை கணுக்கால் வரை சரியாக வந்தது. உள்ளே இன்னும் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன.