பம்பைக்காரர் ஹெட்போனைக் கழற்றியபோது

விண்டோஸ் இசை மென்பொருள்களை, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸில் ஓட்டுவது வீண்வேலை என்று நான் படித்த ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். குடியாத்தத்தில் என் வீட்டு மாடியறையில் இரண்டு ஆண்டுகளாக அந்த வீண்வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இதற்கு உதவுவது ஒயின், 1993-இல் தொடங்கிய மென்பொருள் திட்டம். விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் துபாஷி அது. எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசையமைப்பு மென்பொருள் அதில் சிக்கலின்றித் திறந்தது. தலைவலி ஒலிப்பதிவில்தான் வந்தது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகப் பாட்டுப் பதிந்த நாளில் பம்பைக்காரர் ஹெட்போனைக் கழற்றி, "தம்பி, நான் அடித்த அடி எனக்கே பிந்தி வருகிறதே" என்றார். ஒயினில் ஒலித் தாமதத்தைக் குறைக்க உதவும் ஒயின்ஏசியோவை நிறுவி, ஒலியைச் சற்றே தேக்கிவைத்து அனுப்பும் பஃபரை 1024 சாம்பிளிலிருந்து (ஒலியின் சிறு துண்டுகள்) 128-ஆகக் குறைத்தேன். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், 21 மில்லி விநாடியாக இருந்த பஃபர் தாமதம் 3-க்கும் கீழே இறங்கியது (ஒலி கணினிக்குள் போக, திரும்பி வர என்று சேர்த்தால் இன்னும் கூடும்). அதன்பின் அவர் ஹெட்போனைக் கழற்றவேயில்லை.

இப்போது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் லினக்ஸ் பதிப்புக்கே மாறிவிட்டேன். விண்டோஸ் பிளக்இன்கள் (கூடுதல் ஒலிக் கருவிகளாகச் சேர்க்கும் துணை நிரல்கள்) மட்டும், ஒயினைக் கொண்டு அவற்றை லினக்ஸ் மென்பொருளோடு இணைக்கும் யாபிரிட்ஜ் வழியாக வருகின்றன. ஒருமுறை அவசரப்பட்டு ஒயினை 9.21-க்கு மேல் ஏற்றிவிட்டேன். சுட்டியைச் சொடுக்கியது ஓரிடம், திரும்பிய குமிழ் வேறிடம்! பழைய பதிப்புக்கே திரும்பினேன்.

ஒன்றில் மட்டும் கட்டுரையாளர் பக்கம் நிற்கிறேன். உரிமம் சரிபார்க்கத் தனி மென்பொருள் கேட்கும் பிளக்இன் ஒன்று கடைசிவரை அசையவில்லை. கொடுத்த காசு போனது போனதுதான். வாங்கும்முன் இலவச மாதிரிப் பதிப்பை ஓட்டிப் பாருங்கள்.