சில்லறை எங்கேதான் போகிறது?
“சில்லறையா இருந்தா கொடுங்க.” இதைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நம்பவில்லை என்றால் கல்லாப்பெட்டியைத் திறந்தே காட்டுகிறார்கள். உள்ளே நோட்டு மட்டும்தான்; நாணயத்துக்கான குழியில் ஒரு ரப்பர் பேண்ட் கிடக்கிறது.

நோட்டு சில வருடங்களில் கிழிந்துபோகும். நாணயமோ பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனாலும் பஞ்சம் என்னவோ நாணயத்துக்குத்தான்! உலோக விலை ஏறினால் உருக்கி விற்பவர்களும் உண்டு, சரி. ஆனால் பெரிய திருடர்கள் நாம்தான். கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற காசு திரும்பிப் போவதே இல்லை. பை கனக்கிறது என்று ராத்திரி டப்பாவில் கொட்டிவிட்டு, காலையில் மறுபடி நோட்டோடு கிளம்புகிறோம்.

2020-இல் கொரோனாவால் கடைகள் மூடியபோது அமெரிக்க மத்திய வங்கியே நாணயத்தை அளந்துதான் கொடுத்தது. காசு குறையவில்லை, சுற்றுவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

நேற்று என் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையால் முடியவில்லை. இதை வங்கிக்குக் கொண்டுபோனால் எண்ணி வாங்க அவர்கள் படுத்தும் பாடு இருக்கிறதே, அது தனிப் புலம்பல்.