சாமிக்கு எதற்கு லேப் ரிப்போர்ட்?

சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம் நெருங்கினால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென்று எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிடுவார்கள். மற்ற மாதங்களில் குட் மார்னிங்கும் காதுகுத்துப் பத்திரிகையும்தான். திருவிழா வந்தால் 'நாசாவே வியந்த', 'வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்ட' என்று ஃபார்வர்டுகள் வரிசை கட்டும். இந்த முறை முதலில் வந்து இறங்கியது, ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்து நடராஜர். கடவுள் துகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளே தில்லை நடராஜரை வைத்துக் கும்பிடுகிறார்களாம். அடுத்தது, சிதம்பரம் கோவில் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மையத்தில் இருக்கிறதாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் சாமி கும்பிடுகிறவன்தான், அதனால்தான் கோபம்.

செர்னில் சிலை இருப்பது நிஜம். 2004-ல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது, 2 மீட்டர் உயரம். கடவுள் துகள் என்கிறார்களே, அந்த ஹிக்ஸ் போசானைக் கண்டதாக அவர்கள் அறிவித்தது 2012 ஜூலை 4. நடுவில் எட்டு வருடம் இருக்கிறது. 'கடவுள் துகள்' என்ற பெயர், லியோன் லெடர்மன் என்ற இயற்பியலாளர் 1993-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலிருந்து பரவியது. துகளுக்குத் தன் பெயரைக் கொடுத்த பீட்டர் ஹிக்ஸுக்கே அந்தப் பட்டம் பிடித்ததில்லை, மனிதர் நாத்திகர். அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதோடு அந்தக் கண்டுபிடிப்பு நின்றுவிடுகிறது. அப்புறம், காந்த நடுக்கோடு என்பது உலகத்தைச் சுற்றி ஓடும் கோடு, அதற்கு மையம் எங்கிருந்து வரும்? நாட்டின் தென்கோடி வழியாக அது போவதால்தான் ராக்கெட் ஏவக் கேரளக் கடற்கரையில் இருக்கும் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊர் மீனவர்கள் தங்கள் மரிய மக்தலேனா தேவாலயத்தை விட்டுக்கொடுத்தார்கள், 1963-ல் முதல் ராக்கெட் போனது, தேவாலயக் கட்டடம் ஆபீஸ் ஆனது. ராக்கெட் மேலே போய் ஆண்டவர் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லட்டும் என அந்த மீனவ மக்கள் யாரும் நிபந்தனை போட்டதாகத் தெரியவில்லை.

அறிவியலால் கடவுளை விளக்க முடியுமா என்று கேட்டால் என் பதில் இதுதான். சாமி செய்வதாக நாம் சொல்கிற காரியங்களை அறிவியல் சோதிக்கும், சோதிக்கத்தான் வேண்டும். சாமி உண்டா இல்லையா என்பதை அதனால் சோதிக்க முடியாது, ஏனென்றால் எதைக் கண்டால் 'சரி, இல்லை' என்று ஒத்துக்கொள்வோம் என்பதைக் கும்பிடுகிற எவரும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை. நானும் கொடுக்க மாட்டேன்.

சொல்லப்போனால் கடவுளைப் பரிசோதனை வைத்து நிரூபித்த கதை நம்ம மதுரைக் கதைதான். பெரியபுராணத்தில் வருகிறது. பாண்டியனுக்கு வெப்பு நோய், உடம்பெல்லாம் அனலாய்க் கொதிக்கிறது. இடது பக்கத்தைச் சமணர்கள் பார்க்கட்டும், வலது பக்கத்தைச் சம்பந்தர் பார்க்கட்டும் என்று பிரித்துக்கொள்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரே ஆள், ஒரே நோய், ஒரே நேரம், வைத்தியம் மட்டும் வேறு. மருந்துக் கம்பெனிக்காரன் இன்றைக்கு இதைவிடச் சுத்தமாக ஒரு சோதனையை வடிவமைக்க முடியாது. 'மந்திரமாவது நீறு' என்று பாடித் திருநீறு பூசியதும் வலப்பக்கம் குளிர்கிறது, இடப்பக்கம் கொதிப்பு ஏறுகிறது. அதற்குப் பிறகு இரு தரப்பும் தங்கள் வாக்கை எழுதிய ஏட்டைத் தீயில் போட்டுப் பார்க்கிறார்கள், வைகையில் விட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளத்தை எதிர்த்துப் போன சம்பந்தரின் ஏடு கரை ஒதுங்கிய இடம்தான் சோழவந்தான் பக்கத்துத் திருவேடகம்.

சின்ன வயதில் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்றும் புராணம் சொல்கிறது. நடந்ததா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டு. கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறினால் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றைச் செய்வித்தவர்கள் பெயரைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன, அவை 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அத்தனை பேரையும் கழுவேற்றியிருந்தால் இருநூறு, முந்நூறு வருடம் கழித்து யார் காசு கொடுத்துச் சிற்பம் செதுக்கச் சொன்னார்கள்? உலகைப் படைக்க ஒரு கடவுள் தேவையில்லை என்றவர்கள் இந்த ஊரில் அத்தனை காலம் வாழ்ந்திருக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு. சோதனையில் தோற்றவனுக்குக் கழுமரம் என்பது கதை சொன்னவர்களுக்கு நெருடவே இல்லை பாருங்கள். சாமியைப் பந்தயத்தில் வைத்தால் இப்படித்தான் முடியும்.

சம்பந்தர் கதையின் நவீன வடிவம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது, முடிவு 2006-ல் வெளிவந்தது. இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேர், 6 மருத்துவமனைகள். ஒரு பிரிவுக்குப் பிரார்த்தனை உண்டு, ஒரு பிரிவுக்குக் கிடையாது, இவர்களில் யாருக்கும் தனக்கு உண்டா இல்லையா என்று தெரியாது. மூன்றாவது பிரிவுக்கு 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்று சொல்லிவிட்டே ஜெபித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வந்தவர்கள் முதல் பிரிவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51. ஆக, ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லிவிட்டு ஜெபித்த பிரிவில் 59. எனக்காகக் கடவுளிடம் கெஞ்சுகிற அளவுக்கா நிலைமை மோசம் என்ற பயமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள்.

இதைக் காட்டினால் பக்தர் என்ன சொல்வார்? சாமியை இப்படியெல்லாம் சோதிக்கக் கூடாது, அவர் அறிவுக்கு அப்பாற்பட்டவர் என்பார். நியாயமான பதில்தான். ஆனால் அதே வாயால் செர்ன் ஃபார்வர்டைப் பரப்பக் கூடாது. சாதகமாக வந்தால் விஞ்ஞானமே சொல்லிவிட்டது, பாதகமாக வந்தால் விஞ்ஞானத்துக்கு எட்டாதது என்றால் அது அழுகுணி ஆட்டம்.

இதில் நான் மதிக்கிற ஆள் ஜார்ஜ் லெமைத்ர். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்கிற பெருவெடிப்புக் கொள்கைக்கு விதை போட்டவர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பு நடந்ததற்கு இந்த அறிவியலே சாட்சி என்கிற தொனியில் பேசிவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள். பாதிரியாருக்கோ சங்கடம், இனி அப்படிப் பேச வேண்டாம் என்று போப்புக்கு எடுத்துச் சொல்ல முயற்சி எடுத்தார். நாளைக்கே வேறொரு கொள்கை வந்து பெருவெடிப்பு தப்பு என்றால் தேவனையும் சேர்த்து வாபஸ் வாங்க வேண்டியிருக்குமே!

கருப்புச் சட்டை நண்பர் ஒருவர் இருக்கிறார், சிம்மக்கல் டீக்கடையில் இந்தச் சண்டை எங்களுக்குள் ஓயாது. பக்தி என்பது மூளைக்குள் நடக்கிற ரசாயனம், அறிவியல் அதை விளக்கிவிட்டது, ஆட்டம் முடிந்தது என்பார். கணக்குப் போடுவதும் மூளைக்குள் நடக்கிற ரசாயனம்தான், அதனால் கணக்கு பொய்யாகிவிடுமா என்றேன். "கணக்குக்கு நிரூபணம் இருக்குய்யா, உன் சாமிக்கு இருக்கா?" என்றார். இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, டீக்குக் காசு மட்டும் கொடுத்தேன்.

ஆனால் அவரும் ஃபார்வர்டு போடும் என் சித்தப்பாவும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். சாமி என்றால் உலகத்துக்கு ஒரு விளக்கம் என்று இருவருமே நினைக்கிறார்கள். மாரியம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மை வந்தால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய ஊர் இது. அது ஒரு வைரஸ் என்று தெரிந்தது, தடுப்பூசி போட்டார்கள், 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆத்தா வெறும் விளக்கமாக இருந்திருந்தால் அன்றைக்கே கோவில் காலியாகியிருக்கும். தெப்பக்குளம் மாரியம்மன் கோவிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள், நிற்க இடம் கிடைக்காது.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பும் அப்படித்தான். சிலை கிடையாது, கதவுதான் சாமி. சந்தனம் அப்பிய அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் நிற்கிறவன் பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று கேட்டு வரவில்லை. வாங்கிய கடனை இல்லை என்று சாதிக்கிறவனை "வா, கருப்பு முன்னால சத்தியம் பண்ணு" என்று கூப்பிட்டால் பாதிப் பேர் படிக்கு வருவதற்கு முன்பே இறங்கி வந்துவிடுவார்கள். அந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்று மனோதத்துவம் தாராளமாக ஆராயலாம், நானே ஆர்வமாகப் படிப்பேன்.

விஞ்ஞானத்திடம் கேட்க வேண்டியதைத்தான் நாம் கேட்பதே இல்லை. 2022-ல், கொரோனாவால் நின்றுபோன திருவிழா மறுபடி நடந்தபோது, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். அழகர் காலடியில் போனவர்களுக்கு மோட்சம் என்று ஒரு பக்கம், எங்கே போனார் உங்கள் சாமி என்று இன்னொரு பக்கம். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் நெருக்கி நின்றால் கூட்டம் தண்ணீர் போல அலை அடிக்கும், நடுவில் மாட்டிக்கொண்டவன் நினைத்தாலும் நிற்க முடியாது, மூச்சு முட்டித்தான் சாவு வரும். இதெல்லாம் அளந்து பார்த்த அறிவியல். விடிய விடிய ஆற்றுக்குள் எத்தனை பேரை விடலாம், உள்ளே வர எந்த வழி, வெளியே போக எந்த வழி என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கை விஞ்ஞானிகள் போட்டுக் கொடுக்கட்டும். அழகர் இந்த வருடம் பச்சைப் பட்டு உடுத்தி வருகிறாரா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.